நீவிவிட்டால் வலி போகுமா?

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜனவரி பிறந்தால் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. சென்னை மாரத்தான் முடிந்த மறுநாள் காலை, யாராவது ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கும் வீடியோவைப் போடுவார். பின்னாலேயே கேள்வி வரும்: "மசாஜ் போனா லாக்டிக் ஆசிட் எல்லாம் வெளியே போயிடுமாமே, நல்ல ஆள் யாராவது தெரியுமா?" அவ்வளவுதான், எண்கள் வந்து குவியும். ஒருவர் கேரள வைத்தியசாலை என்பார். இன்னொருவர் மசாஜ் கன் வாங்கச் சொல்வார். குழுவில் மூத்தவர் ஒருவர், "நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ச்சு வெந்நீர் ஊத்துப்பா, போதும்" என்று விவகாரத்தை முடித்துவைப்பார்.

நானும் அவ்வப்போது மசாஜ் மேசையில் குப்புறப் படுக்கிறவன்தான். கொடுக்கிற காசுக்கு அது தகும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் பாதிக்கு மேல் தப்பு. தப்பான காரணத்தை நம்பிப் போகிறவர் தப்பான நேரத்தில் போகிறார், தாங்காத அழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார், போகவே கூடாத நிலையிலும் போய்ப் படுக்கிறார். அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே சுருக்கம்: சேதமான தசையைப் பழுது பார்ப்பது உடம்பு. அது அந்த வேலையை முடிக்கும்வரை வலியைக் கொஞ்சம் குறைத்து, காலை மடக்கி நீட்ட விடுவது மசாஜ். இதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

லாக்டிக் அமிலத்தின் மேல் போட்ட பழி

வேகமாக ஓடும்போது தசை சர்க்கரையை அவசரமாக எரிக்கிறது. அதில் லாக்டேட் உண்டாகிறது. இது உண்மை. ஆனால் அது கழிவு அல்ல, எரிபொருள். பக்கத்துத் தசை அதை எடுத்து எரிக்கும், இதயம் எரிக்கும், கல்லீரல் அதை மறுபடியும் சர்க்கரையாக்கும். எவ்வளவு கடுமையாக ஓடியிருந்தாலும், ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருக்கும் லாக்டேட் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஓடியவருக்குத் திங்கட்கிழமை தொடை வலிக்கிறது என்றால், அந்த நேரத்தில் அங்கே பிழிந்து வெளியேற்ற லாக்டிக் அமிலம் என்று ஒன்றும் மிச்சமில்லை.

பிறகு எது வலிக்கிறது? அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே இதற்குப் பதில் சொல்லப் பார்த்தார். விரல் தசைகளுக்கு வேலை கொடுத்துப் பார்த்தவர், உடனே வருகிற சோர்வு வேறு, மறுநாள் வருகிற வலி வேறு என்று பிரித்தார். இரண்டாவது வலிக்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார். நூற்றாண்டு கடந்தும் அவர் சொன்னதன் சாரம் நிற்கிறது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். மலையிறக்கத்தில் ஓடுவது, படியிறங்குவது, ஜிம்மில் ஸ்குவாட்டுக்கு மெதுவாகக் கீழே உட்காருவது எல்லாமே இந்த வகை. ஏற்காடு ஏறியவர் ஏறும்போது மூச்சுவாங்கியதைப் பற்றிப் பேசுவார். மறுநாள் அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இறங்கியதால்.

சேதமான இடத்தைச் சுத்தம் செய்ய ரத்த வெள்ளையணுக்கள் வருகின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது, கொஞ்சம் வீக்கமும் சேர்கிறது, நரம்பு முனைகள் கூருணர்வு பெறுகின்றன. இதெல்லாம் நடக்க நேரமாகும். அதனால்தான் இந்த வலி அன்றைக்கே வராமல் தாமதமாகத் தலைகாட்டி, 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்குகிறது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. அதே பயிற்சியைச் சில வாரம் கழித்துச் செய்தால் வலி பாதிகூட இருக்காது. தசை பாடம் கற்றுக்கொண்டுவிடும்.

லாக்டிக் அமிலக் கதையை நேரடியாகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2010-ல் வெளியான ஆய்வு அது. கையால் இறுக்கிப் பிடிக்கும் கடும் பயிற்சி கொடுத்து, பிறகு முன்கையை மசாஜ் செய்து, ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. லாக்டேட் வெளியேறுவது வேகமாகவில்லை, தாமதமானது. லாக்டேட் சீக்கிரம் குறையவேண்டுமென்றால் ஓடி முடித்ததும் பொத்தென்று உட்காராமல் பத்து நிமிடம் மெதுவாக நடந்தாலே போதும். அதற்குக் காசும் கிடையாது.

பிறகு ஏன் இதமாக இருக்கிறது?

மேசையிலிருந்து எழுந்து நின்றதும் கால் லேசாகிவிட்டது போல இருப்பது பிரமையா? இல்லை. அந்த இதத்துக்குக் குறைந்தது இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி நரம்பு. குழந்தை நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டால் அம்மா ஓடிவந்து அந்த இடத்தைத் தேய்த்துவிடுவாள். அழுகை குறையும். ஏன் என்பதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்துவரும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. வலியைச் சுமப்பவை மெலிந்தவை. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும் இடத்தில், தொடுதல் செய்தி வலிச் செய்தியை மட்டுப்படுத்திவிடுகிறது. மூளைக்குப் போகும் கதவை வலிக்குப் பாதி சாத்திவிடுவது போல. இந்தக் கோட்பாட்டின் சில நுணுக்கங்கள் பிற்பாடு திருத்தப்பட்டன. ஆனாலும் வலி என்பது அடிபட்ட இடத்தில் மட்டுமே தீர்மானமாவதில்லை, தண்டுவடமும் மூளையும் அதைக் கூட்டிக் குறைக்கின்றன என்ற அடிப்படை மாறவில்லை. நிதானமான கை, இருட்டான அறை, ஒரு மணி நேரம் போன் அடிக்காத நிம்மதி எல்லாம் சேர்ந்து அந்தக் குறைப்பில் பங்கெடுக்கின்றன.

இரண்டாவது வழி தசைக்குள்ளேயே. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து ஓய்ந்துபோகச் செய்தார்கள். பிறகு ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ். இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பரிசோதித்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்கத் தூண்டும் சமிக்ஞைகள் கூடியிருந்தன. லாக்டேட் அளவில் இரண்டு காலுக்கும் வித்தியாசமே இல்லை. பதினோரு பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவேண்டாம். ஆனால் தசை தொடுதலுக்குப் பதில் சொல்கிறது என்பதற்கு இது நல்ல தடயம். 2021-ல் ஹார்வர்டு குழு ஒன்று எலிகளின் காயப்பட்ட கால் தசையைச் சிறு ரோபோ கருவியால் சீராக அழுத்திப் பார்த்தது. வேலை முடிந்தும் அங்கேயே தங்கியிருந்த ஒருவகை வெள்ளையணுக்கள் சீக்கிரம் வெளியேறின, தசை வேகமாகத் தேறியது. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பார்க்கவேண்டிய திசை அது.

சரி, மொத்தத்தில் எவ்வளவு பலன்? 2018-ல் 99 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், பனிக்குளியல், இறுக்கமான உடை, நீட்சிப் பயிற்சி என்று பலவற்றையும் ஒப்பிட்டு, தாமத வலியையும் சோர்வு உணர்வையும் குறைப்பதில் மசாஜே முன்னால் நிற்கிறது என்றார்கள். 2020-ல் பிரிட்டனின் ஷெஃபீல்டிலிருந்து வந்த இன்னொரு தொகுப்பு 29 ஆய்வுகள், 1,012 பேர் பற்றியது. அதன் முடிவு: வலி கொஞ்சம் குறைகிறது, உடம்பு வளைவது கொஞ்சம் கூடுகிறது. வலிமை, தாவும் உயரம், ஓடும் வேகம், தாக்குப்பிடிக்கும் திறன் எதிலும் முன்னேற்றம் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிவிடுகிறது. மசாஜ் உங்களை வேகமாக ஓடவைக்காது. நாளைக்கு அலுவலகப் படியை முகம் சுளிக்காமல் ஏறவைக்கும்.

அப்படியானால் தொழில்முறை வீரர்கள் ஏன் இதை விடுவதே இல்லை என்று கேட்கலாம். டூர் டி பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் 21 கட்டங்கள். ஒவ்வொரு அணியிலும் 'சுவான்யே' என்றழைக்கப்படும் உதவியாளர்கள் இருப்பார்கள். வழியில் சாப்பாட்டுப் பையை நீட்டுவது, முடிவுக்கோட்டில் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பது, மாலையில் ஓட்டலில் வீரரின் காலை நீவிவிடுவது எல்லாம் அவர்கள் வேலை. நாளைக் காலை மறுபடியும் மலையேற வேண்டியவருக்குச் சின்ன நிவாரணம்கூடப் பெரியது. அதைவிட முக்கியம், தினமும் அதே காலைத் தொடுகிற கைக்கு நேற்றில்லாத வீக்கமோ இறுக்கமோ சட்டென்று தெரிந்துவிடும். 2011 உலகக்கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் ரமேஷ் மானே போன்ற மசாஜ் நிபுணர்கள் கூடவே பயணம் செய்தார்கள். ஒன்றரை மாதம் ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு கை தேவைதான்.

மேசையில் நடப்பது

நான் போவது ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பியிடம். கபடி ஆடி, தோளைக் கெடுத்துக்கொண்டு, அதற்குச் சிகிச்சை எடுக்கப் போன இடத்தில் இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்து படித்தவர். அவரிடம் போய் "காலு பூரா வலி" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"பூரான்னா எப்படிண்ணா? கையால காட்டுங்க."

உள்ளங்கையால் தொடையைத் தடவிக் காட்டினால் தலையாட்டுவார். அது தசை வலி, பரவலாக இருக்கும். ஒற்றை விரலை எலும்பின் மேல் ஒரு புள்ளியில் வைத்து "இங்கதான்" என்றால் அவர் முகம் மாறும். எங்கள் குழுவில் வேகமாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கை முன்கால் எலும்பில் அப்படித்தான் விரல் வைத்தாள். தம்பி எண்ணெய்ப் புட்டியைத் திறக்கவே இல்லை. "இதுக்கு நான் கை வைக்க மாட்டேன்மா, ஆர்த்தோ டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் அழுத்த முறிவு தொடங்கியிருந்தது தெரிந்தது. ஆரம்பக் கட்டத்தில் இந்த முறிவு எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது சகஜம். அன்று அவர் வாங்காத கட்டணம்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

மேசையில் ஏறுமுன் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடவேண்டும். எவ்வளவு தள்ளி நின்று தொட முடிகிறது என்பதைக் கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே தன் விரல்களை வைத்து அளப்பார். கெண்டைக்கால் இறுகியிருந்தால் அந்த இடைவெளி குறையும்.

பிறகுதான் எண்ணெய். முதல் சில நிமிடங்கள் உள்ளங்கை முழுவதும் பட, கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கமாக நீளமாகத் தடவிவிடுவார். சூடேற்றவும், எந்த இடம் கல்லாக இருக்கிறது என்று தேடவும். அடுத்து சதையைப் பிடித்துத் தூக்கிப் பிசைவது. குதிகால் தசைநாண் சதையோடு சேரும் இடம் வந்ததும் கட்டைவிரலை வைத்து அசையாமல் அழுத்தி நிற்பார். "பத்துக்கு எவ்வளவுண்ணா?" என்று கேட்பார். ஆறு, ஏழு என்றால் சரி. எட்டு என்றால் கையைத் தளர்த்துவார்.

"நல்லா அழுத்துப்பா, தாங்குவேன்" என்று ஒருமுறை வீரம் பேசினேன். "நீங்க தாங்குவீங்கண்ணா, தசை தாங்காது. பல்லைக் கடிச்சீங்கன்னா அது இன்னும் இறுகிக்கும். அப்புறம் நான் யாரோட மல்லுக்கட்டுறது?" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 'முடிச்சை உடைக்கிறேன்' என்று முழங்கையை நட்டு ஏறுகிறவர்கள் உண்டு. தசையில் தொட்டால் வலிக்கும் புள்ளிகள் இருப்பது உண்மை. அமெரிக்க அதிபர் கென்னடிக்கு வைத்தியம் பார்த்த ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து 1983-ல் இதற்கென்றே பெரிய கையேடு எழுதினார். அந்தப் புள்ளிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று நிபுணர்களிடையே இன்றைக்கும் சண்டை. ஆனால் உடைப்பதற்கு அங்கே முடிச்சு எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. தொடையின் வெளிப்பக்கத் திசுப்பட்டையும் உள்ளங்கால் திசுப்பட்டையும் எவ்வளவு விறைப்பானவை என்று 2008-ல் கணக்கிட்டார்கள். அவற்றை ஒரு சதவீதம் நசுக்குவதற்கே மனிதக் கையால் கொடுக்க முடியாத விசை தேவை. ஆக, அழுத்தியதும் தளர்வது திசு உருமாறியதால் அல்ல, நரம்பு மண்டலம் "சரி, ஆபத்தில்லை" என்று பிடியை விட்டதால். அதற்குச் சம்மதிக்கவைக்கும் அழுத்தம் போதும். மறுநாள் தொடையில் கன்றிப்போன நீலத்தைப் பெருமையாகக் காட்டுகிறவர்களுக்கு: அது புதுக் காயம், சிகிச்சையின் அடையாளம் இல்லை.

முடிந்ததும் மறுபடி சுவர். பெரும்பாலும் ஒரு விரற்கடை கூடுதலாக வரும். நான் பூரித்துப்போய் நிற்பேன். அவர் அதையும் கெடுத்துவிடுவார். "இது நாளைக்குப் பழையபடி போயிடும்ணா. இன்னைக்குக் கிடைச்ச இடத்துல பயிற்சி பண்ணாத்தான் நிக்கும்" என்று, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியை எழுதிக் கொடுப்பார். நல்ல ஆளுக்கு இதுவே அடையாளம். உங்களைத் திரும்பத் திரும்ப வரவைப்பதைவிட, வராமல் இருக்கவைக்கப் பார்ப்பார்.

நம் பக்கத்துக் கைகள்

இதெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. அதிலேயே ஒன்பது வகை பிரித்திருக்கிறார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று போகிற பட்டியல், தம்பியின் மேசையில் நடப்பதற்கு வெகுதூரத்தில் இல்லை. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடம் அடிமுறை கற்பதும் அடிபட்டால் தடவுவதும் ஒரே வித்தையின் இரண்டு பக்கம். மலையாளக் களரிகளில் கர்க்கடக மாதம், அதாவது மழை பிடித்திருக்கும் நம் ஆடி மாதத்தை ஒட்டி, உழிச்சல் நடக்கும். ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு சீடனின் எண்ணெய் பூசிய உடம்பைப் பாதத்தால் நீவுவார். பயிற்சிக் காலம், உடம்பைத் தேற்றும் காலம் என்று வருடத்தையே பிரித்து வைத்த புத்தி அதில் இருக்கிறது. வருடம் முழுக்கப் பந்தயம் பந்தயமாக ஓடும் எங்கள் குழுவுக்கு எண்ணெயைவிட அந்தப் புத்திதான் அவசரமாகத் தேவை.

அதே சமயம், சுளுக்கு எடுக்கிறேன் என்று வீங்கிய கணுக்காலைச் சொடுக்கி இழுப்பதையும் சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் நெட்டி முறிப்பதையும் பாரம்பரியத்தின் கணக்கில் எழுதவேண்டாம். கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் பக்கவாதம். இலவசமாகக் கிடைத்தாலும் "கழுத்து வேணாம்ண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

கை வைக்கக் கூடாத நேரங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள். கணுக்கால் பிசகியது, தொடைச் சதை 'பட்' என்று பிடித்துக்கொண்டது, கபடியில் முழங்கால் வந்து தொடையில் இடித்தது எதுவானாலும் சரி. விளையாட்டு மருத்துவத்தில் முதல் 72 மணி நேரத்துக்கு நான்கு விலக்குகள் சொல்வார்கள்: சூடு, மது, ஓட்டம், மசாஜ். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தேய்த்தால் கசிவு கூடும். இடிபட்டு ரத்தம் கட்டிய தொடையை ஆழமாக அழுத்திக்கொண்டே இருந்தால், தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கும் விபரீதமும் உண்டு.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால். அதிலும் நீண்ட பஸ் அல்லது விமானப் பயணம், அறுவை சிகிச்சை, படுத்த படுக்கையாகக் கிடந்தது ஏதாவது அண்மையில் இருந்தால், அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதைத் தேய்த்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டால் நேரே அவசரப் பிரிவு. வெளியூர்ப் பந்தயத்துக்குப் போய் ஓடிவிட்டு, இரவெல்லாம் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து ஊர் திரும்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஜிம்முக்குப் போய் முதல் நாளே வெறியோடு தூக்கியவர்களுக்கு வரும். மசாஜ் மையமல்ல, மருத்துவமனை.

காய்ச்சல், தோலில் புண் அல்லது தொற்று, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள், கர்ப்பிணிகள். இவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, மேசையில் ஏறுமுன் அந்த விவரத்தைச் சொல்லவும் வேண்டும். கேட்காமலே எண்ணெயைக் கையில் ஊற்றுகிற இடமாக இருந்தால் அது உங்களுக்கான இடமில்லை.

எப்போது, எவ்வளவு

பந்தயத்துக்கு முந்தின நாள் முதல்முறையாக ஆழமான மசாஜ் வேண்டவே வேண்டாம். மறுநாள் கால் கனத்துக் கிடக்கும். பழக்கமுள்ளவர்கள் சில நாள் முன்பே முடித்துக்கொள்வார்கள். தொடக்கக் கோட்டுக்கு முன் செய்வதென்றால் பத்து நிமிடம் மேலோட்டமாக, சுறுசுறுப்பாகத் தேய்ப்பது போதும். ஜாகிங் செய்து உடம்பைச் சூடாக்குவதும் அதே பலனைத் தரும்.

ஓடி முடித்ததும் கூடாரத்தில் இலவச மசாஜுக்கு வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்பதைவிட, முதலில் நடங்கள், தண்ணீரும் உப்பும் உள்ளே போகட்டும், இரண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் வரிசையில் இடமிருந்தால் மென்மையாகத் தடவிக்கொள்ளலாம். 42.195 கி.மீ. முழு மாரத்தான் ஓடியவர்கள் ஆழமாக அழுத்திக்கொள்வதை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுவது நல்லது. சேதமான தசையை மேலும் கசக்குவதில் லாபமில்லை.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. ஃபோம் ரோலரில் தொடையை உருட்டுவது தாமத வலியை ஓரளவு குறைக்கிறது. ரோலர் இல்லையா, அடுக்களையில் பூரிக்கட்டை இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து கெண்டைக்கால் சதையில் மேலும் கீழும் உருட்டுங்கள், எலும்பின் மேல் வேண்டாம். (வீட்டில் சொல்லிவிட்டு எடுப்பது குடும்ப ஒற்றுமைக்கு நல்லது.) உள்ளங்காலுக்கு டென்னிஸ் பந்து. மசாஜ் கன் வைத்திருப்பவர்கள் ஒரு தசைக்கு ஓரிரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்தின் முன்பக்கம், முதுகெலும்பு, முழங்காலின் பின்குழி இங்கெல்லாம் கொண்டுபோகாதீர்கள். தைலம் பூசினால் வரும் சுறுசுறுப்பும் குளிர்ச்சியும் பெரும்பாலும் தோல் நரம்புகளைத் திசைதிருப்பும் வேலைதான். இதமாக இருந்தால் பூசிக்கொள்ளுங்கள், அதன் மேல் சூட்டு ஒத்தடம் மட்டும் வைக்காதீர்கள். தோல் வெந்துவிடும்.

இவ்வளவுக்கும் மேலே இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று தூக்கம். உடம்பின் பழுது பார்க்கும் வேலைக்கு அதைப்போல வேறு நேரம் வாய்க்காது. இரண்டு சாப்பாடு. கிழிந்த தசையைக் கட்டப் புரதம் வேண்டும். முட்டையோ மீனோ பருப்போ கொண்டைக்கடலையோ தட்டில் இல்லாமல், மேசையில் மட்டும் போய்ப் படுத்தால் ஒன்றும் ஆகாது. ஐந்து மணி நேரம் தூங்கி, காலை உணவை விட்டுவிட்டு, வார இறுதியில் ஆயிரக்கணக்கில் கொடுத்து மசாஜ் செய்துகொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்கு அவர்கள் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கியிருக்கலாம்.

தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்து, பயிற்சி ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில், கால் கனத்து மனமும் சலித்திருக்கும் ஒரு நாளில் போய்ப் படுங்கள். போகுமுன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்பது ஒன்று. "எந்த மாதிரி வலிக்கு நீங்க கை வைக்க மாட்டீங்க?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். "எல்லா வலியையும் ஒரே சிட்டிங்ல எடுத்துடுவேன் சார்" என்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அன்று மாலை சீக்கிரம் தூங்கப் போங்கள்.